வீரமகேந்திரத்தில் எத்தனை அடுப்பு

கந்தபுராணம் படிக்கிற கோயிலில் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பாட்டை இராகத்தோடு வாசிப்பார். மற்றவர் அதைப் பிரித்துப் பயன் சொல்வார். நான் பயன் சொல்கிற பக்கம். பகலில் பார்த்த உத்தியோகம் வேறு, கிராம அலுவலர். சனங்கள் ஜி.எஸ். என்பார்கள், வயதானவர்களுக்கு நான் இன்னமும் விதானையார்தான். யாழ்ப்பாணத்துப் பண்பாட்டைக் கந்தபுராணக் கலாசாரம் என்று பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை சொல்லிவைத்தார். அதில் ஊறி வளர்ந்த ஒருவன், யுத்த காண்டத்துக்குப் பயன் சொல்லிவிட்டு விடிந்ததும் நிவாரணப் பட்டியலுக்கு முன்னால் போய் உட்கார வேண்டியிருந்தால் அவன் புத்தியில் சில கேள்விகள் முளைக்கத்தான் செய்யும்.

ஜி.எஸ். வேலையில் முதல் பாடம் அடுப்பை எண்ணுவது. ஒரு வளவுக்குள் மூன்று வீடு இருக்கும், ஒரு வீட்டுக்குள் இரண்டு குடும்பம் இருக்கும். எது தனிக் குடும்பம் என்பதற்கு அடுப்புத்தான் அத்தாட்சி. “அவை அடுப்பு வேறை” என்று மாமியார் சொல்லிவிட்டால் மருமகள் பெயரில் புதுக் குடும்ப அட்டை போட வேண்டும். போர் அந்தக் கணக்கைக் குழப்பிவிட்டது. இடம்பெயர்ந்து வந்தவர்கள் மரத்தடியில் மூன்று கல்லு வைத்தால் அது ஒரு அடுப்பு. அடுத்த கிழமை போய்ப் பார்த்தால் கல்லு மட்டும் இருக்கும். கணவன் காணாமல் போன பெண் தாயோடு சேர்ந்து உலை வைத்தால் இரண்டு அட்டை ஒன்றாகிவிடும், அரிசியும் பருப்பும் குறைந்துவிடும். ஆகவே ஒரே பானையில் சோறு காய்ச்சிக்கொண்டு, என்னைக் கண்டதும் இரண்டாவது அடுப்பில் சுள்ளியைச் செருகிப் பற்றவைத்தவர்கள் உண்டு. அந்தப் புகைக்கு நான் கண்ணை மூடிக்கொள்வேன்.

புராணத்துக்கு வருகிறேன். அசுரர் தலைவன் சூரபன்மன் சேவலும் மயிலுமாகி, சிறையிலிருந்த தேவர்களும் வெளியே வந்த பிறகு ஒரு சின்ன வேலை மிச்சமிருக்கும். அவனுடைய நகரான வீரமகேந்திரபுரியைக் கடலுக்குள் அமிழ்த்தும்படி முருகன் வருணனுக்குச் சொல்வார், வருணன் அமிழ்த்துவான். முருகனின் தூதனாக வீரவாகு போகும்போது அதே நகரின் மாடங்களையும் வீதிகளையும் ஆறுதலாகச் சொல்லி வந்த கச்சியப்ப சிவாசாரியர், அது மூழ்கும் இடத்தில் நிற்பதில்லை. பயன் சொல்கிறவனும் நிற்கத் தேவையில்லை. மடப்பள்ளியில் சுண்டல் ஆறிக்கொண்டிருக்கும். போர் முடிந்த 2009க்குப் பிறகு எனக்கு அந்த இடம் தொண்டையில் சிக்குகிறது. அந்த ஊரில் எத்தனை அடுப்பு இருந்தது? என்னோடு வாசிக்கிற பெரியவரிடம் ஒருநாள் கேட்டேன். “அசுரர் எல்லாரும் அதுக்கு முன்னமே செத்துப் போச்சினம் தம்பி. வெறும் ஊர்தான் தாண்டது” என்றார்.

எல்லாரும் சாகவில்லை என்று புராணமே சொல்கிறது. சூரனுடைய மகன் இரணியன் பாதிப் போரில் மீனாகிக் கடலுக்குள் போய்விடுகிறான், தகப்பனுக்குக் கொள்ளி வைக்க ஒருவன் உயிரோடு இருக்க வேண்டும் என்று நினைத்து. அவனைக் கோழை என்று சொல்லியே நாங்கள் பயன் சொல்லப் பழகியிருந்தோம். பிறகு வன்னியில் வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று புலிகள் இயக்கம் கேட்ட காலம் வந்தது. பிள்ளையை நெல் மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்தார்கள், வளவுக்குள் கிடங்கு வெட்டி மூடினார்கள். கலியாணம் முடித்த பிள்ளையைப் பிடிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் பதினாறு பதினேழு வயதுப் பெட்டைகளுக்கு அவசர அவசரமாகத் தாலி ஏறியது. படிப்பு அன்றோடு நின்றது. அப்படிக் கட்டிக்கொடுத்தவர்களில் எத்தனையோ பேர் இரண்டு வருடம் கழியுமுன் கைக்குழந்தையோடு கைம்பெண்ணாக நிவாரண வரிசையில் வந்து நின்றார்கள். இன்று இரணியனைக் கோழை என்று சொன்னால் மண்டபத்தில் பாதிப்பேருக்குச் சுடும். நான் அந்தச் சொல்லை விட்டுவிட்டேன்.

அந்த மண்டபத்தில் தெற்குப் பக்கத் தூணில் சாய்ந்திருந்து கேட்கிற ஒரு அம்மா இருக்கிறா. 2006இல் என் பதிவேட்டில் அவவின் குடும்பத்துக்கு எதிரே எழுதியிருந்தது: இரண்டு ஏக்கர் வயல், தண்ணீர் இறைக்கிற மெசின் ஒன்று, மூன்று மாடு. கணவர் கூலிக்கு லாண்ட்மாஸ்டர் ஓட்டுவார். வசதியானவர்கள் என்று சொல்ல முடியாது, யாரிடமும் கை நீட்டாதவர்கள் என்று சொல்லலாம். 2009 ஜனவரியில் கிளிநொச்சி விழுந்த பிறகு எல்லாரும் போன வழியால் அவர்களும் போனார்கள். மெசின் விசுவமடுவோடு நின்றது, மாடுகள் சுதந்திரபுரத்தோடு. மாத்தளனில் தோட்டைக் கழற்றிப் பால்மா வாங்கினா. பங்கருக்கு மண் நிரப்பச் சாக்கு இல்லாமல் பெண்கள் சேலையை வெட்டி மூட்டை தைத்தார்கள், பருத்திச் சேலை முடிய கூறைச் சேலை. அரக்கு நிறப் பட்டுக்குள் கடற்கரை மணல் நிரப்பி அடுக்கியிருந்த பங்கர்களை நான் பார்த்திருக்கிறேன். வெயில் பட்டால் சரிகைக் கரை மினுங்கும், உள்ளேயிருந்து பிள்ளைகளின் தலை தெரியும். வலைஞர்மடத்தில் கணவர் போய்விட்டார். மே மாதம் அவவும் இரண்டு பிள்ளைகளும் வெளியே வந்து, இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்களோடு செட்டிக்குளத்து முகாமில் கம்பிக்குள் இருந்தார்கள்.

அவ என்னிடம் ஒரு கேள்வி கேட்டா, முகாமில் அல்ல. முகாமில் யாரும் கேள்வி கேட்கவில்லை, தண்ணீருக்கு நின்றார்கள். திரும்பி வந்து வீடு கட்டி, சுவரில் கணவரின் படத்தையும் மாட்டிய பிறகு ஒருநாள் படிப்பு முடிந்து திருநீறு வாங்கும்போது கேட்டா: “ஐயா, போன பிறப்பிலை நான் ஆரின்ரை வயித்திலை அடிச்சனோ?”

எங்கள் சைவ சமயத்தில் இதற்குத் தயாராக ஒரு பதில் இருக்கிறது. சேர்ந்து கிடக்கிற வினை சஞ்சிதம், அதில் இந்தப் பிறப்புக்கென்று எடுத்து வந்தது பிராரத்தம், அதை அனுபவிக்கும்போது புதிதாகச் சேர்வது ஆகாமியம். வினை சடம், தானாக வந்து ஒருவரைப் பற்றாது. செய்தவனிடம் அதன் பயனைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவன் இறைவன். சைவ சித்தாந்தம் படித்த யாரும் இதை ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். நானும் சொல்லியிருப்பேன். ஆனால் அவ கையில் ஒரு சின்னக் கொப்பி இருந்தது. கிழமைக் கடன் கொப்பி.

அந்தக் கொப்பி வந்த விதத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் போர் ஒரு குடும்பத்தை எப்படி ஏழையாக்குகிறது என்பதைப் பலர் ஷெல் விழுந்த நாளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மீள்குடியேறியபோது கொட்டில் போட 25,000 ரூபா கிடைத்தது. பிறகு இந்திய வீட்டுத் திட்டம் வந்தது. 50,000 வீடுகள், வடக்கில் பெரும்பாலும் வீட்டுக்காரரே கட்ட வேண்டும், 5,50,000 ரூபா கட்டம் கட்டமாக வரும். நல்ல திட்டம்தான். ஆனால் வீட்டுக்காரரே கட்டுவது என்றால் வீட்டில் மண் அள்ள, கல் அரிய ஓர் ஆம்பிளை இருக்கிறான் என்று காகிதம் நம்புகிறது. இல்லாத வீட்டில் அந்த ஆளின் கூலியையும் காசாகக் கொடுக்க வேண்டும். ஊர் முழுக்க ஒரே நேரத்தில் அத்திவாரம் வெட்டினால் மணலும் சீமெந்தும் மேசன் கூலியும் மாதத்துக்கு மாதம் ஏறும். அத்திவாரம் முடியாமல் அடுத்த தவணை வராது. மிச்சமிருந்த ஒன்றரைப் பவுண் அடகுக்குப் போனது. அதற்குப் பிறகு மோட்டார் சைக்கிளில் நுண்கடன்காரர் வந்தார். ஈட்டுக்கு உறுதி வேண்டாம், பக்கத்து வளவுப் பெண்கள் ஐந்து பேர் ஒருவருக்கொருவர் பிணை நின்றால் போதும். ஒவ்வொரு செவ்வாயும் பத்து மணிக்குத் தவணை. ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும் எழும்பிப் போக முடியாது. ஒன்றைக் கட்ட இன்னொன்று, அதைக் கட்ட மூன்றாவது. மகன் ஓ.எல். எடுக்காமல் மணல் ஏற்றப் போனான்.

2018இல் நிதியமைச்சராயிருந்த மங்கள சமரவீர, வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்தார். மூன்று மாதமோ அதற்கு மேலோ தவணை தவறியவர்களுக்குத்தான் சலுகை. இவ ஒரு செவ்வாயும் தவறவில்லை. கோழியை விற்றாவது கட்டியிருந்தா. ஆகவே பட்டியலில் இல்லை.

இதில் எது பிராரத்தம்? கணவர் போனதைச் சொல்லுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன். செவ்வாய்க்கிழமையை எந்தப் பிறப்பில் செய்தா? அந்தத் தவணையை இந்தப் பிறப்பில், இந்த வருடம், மேசைக்கு முன்னிருந்து யாரோ ஒருவர் வகுத்திருக்கிறார். அந்த வட்டியை யாரோ அனுமதித்திருக்கிறார். அது அவவுக்கு முடிந்துபோன வினை என்றால் அவர்களுக்கு இப்போது சேர்ந்துகொண்டிருக்கிற வினை. கருவியாக நின்றவனுக்குக் கணக்கு இல்லை என்று சித்தாந்தம் எங்கும் சொல்லவில்லை. துன்பம் செய்தவனுக்கு அவனுடைய ஆகாமியம் தனியாக ஏறும். நாங்கள் பயன் சொல்லும்போது மட்டும் முதல் பாதியைச் சத்தமாகச் சொல்லி, இரண்டாம் பாதியைச் சுண்டலுக்கு விட்டுவிடுகிறோம். கேட்டுக்கொண்டிருப்பது கடன்பட்ட பெண்கள், முன்வரிசையில் இருப்பது உபயகாரர்.

வினையை ஊருக்கே பொதுவாகப் பிரித்துக் கொடுக்கிற பழக்கமும் எங்களிடம் உண்டு. 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறும்படி புலிகள் சொன்னார்கள். அந்த மாதம் வடக்கு முழுவதிலுமிருந்து துரத்தப்பட்டவர்கள் ஏறக்குறைய 75,000 பேர். கையில் கொண்டுபோக விட்டது சில நூறு ரூபா. சரியாக ஐந்து வருடம் கழித்து 1995 ஒக்டோபர் 30 இரவு, மழைக்குள், வலிகாமத்துச் சனம் முழுவதும் இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தால் சாவகச்சேரிப் பக்கம் நடந்தது. நானும் நடந்தேன். ஒரு அடி வைக்கக் கால் மணித்தியாலம் நின்ற அந்த நெரிசலுக்குள் யாரோ ஒரு கிழவி சொன்னா, “சோனகதெருச் சனத்தின்ரை கண்ணீர்” என்று. பிறகு அதைப் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நாளும் திகதியும் பொருந்தி வருகிறபோது மனம் அதை விட மாட்டேன் என்கிறது. அதில் ஒரு நேர்மையும் உண்டு. எங்கள் பெயரில் நடந்த அநியாயத்தை, அரசியல் மேடையில் ஒருவரும் வாய் திறக்காத காலத்தில், ஒரு கிழவி ஒப்புக்கொள்ள அந்தச் சொல்தான் உதவியது.

போருக்குப் பிறகு, முஸ்லிம்கள் வாழ்ந்த அந்தச் சோனகதெருவில் என் பள்ளிக்கூடக் காற்சட்டை தைத்த தையல்காரரைக் கண்டேன். புத்தளத்திலிருந்து தன் வீட்டைப் பார்க்க வந்திருந்தார். உறுதி கையில் இருந்தது. கூரையும் யன்னல் நிலையும் இல்லை, விறாந்தையில் வேம்பு வளர்ந்திருந்தது. கற்பிட்டிப் பக்கம் மற்றவர் தோட்டத்தில் வெங்காயம் கிண்டிப் பிள்ளைகளை வளர்த்ததாகச் சொன்னார். சொந்தத் தையல் மெசின் வாங்கவே அத்தனை வருடம் எடுத்ததாம். நான் அந்தத் திகதி விஷயத்தை எடுத்தேன், ஏதோ ஆறுதல் சொல்கிற எண்ணத்தில். அவர் வேம்பின் அடியைக் காலால் தட்டிக்கொண்டே சொன்னார்: “நீங்க மழைக்குள்ளை நடந்ததாலை எனக்கு ஒரு ஓடு திரும்பி வந்ததோ?”

வினைக் கணக்கில் ஒரு பக்கம் நட்டம் விழுந்தால் மறுபக்கம் வரவு வைக்கப்பட்டதாக நாங்கள் நினைத்துக்கொள்கிறோம். அவருக்கு யாரும் வரவு வைக்கவில்லை. அவரை அனுப்பியவர்களின் அடுப்பும் என் அடுப்பும் ஒன்றல்ல. ஆனால் மழைக்குள் நின்றது என் அடுப்பு. தமக்கு வந்தது தண்டனை இல்லை, அல்லாஹ்வின் சோதனை என்றுதான் அவர் நினைக்கிறார். சோதனை என்றால் குற்றவாளியைத் தனக்குள் தேட வேண்டியதில்லை. அந்த வகையில் அவர் மார்க்கம் என் சமயத்தை விடக் கொஞ்சம் இரக்கமானது என்று தோன்றியது. அவரிடம் சொல்லவில்லை.

என் மருமகன் யாழ்ப்பாணத்தில் பொருளியல் படிப்பிக்கிறவர். அவருக்குப் புராணம் பிடிக்காது, புள்ளிவிபரம் பிடிக்கும். எட்வர்ட் மிகேல், ஜெரார்ட் ரோலண்ட் என்ற இருவர் 2011இல் எழுதிய ஒரு கட்டுரையைப் பற்றிச் சொன்னார். அமெரிக்கா வியட்நாமில் கடுமையாகக் குண்டு போட்ட மாவட்டங்களையும் தப்பிய மாவட்டங்களையும் ஒப்பிட்டிருக்கிறார்கள். போர் முடிந்து கால் நூற்றாண்டுக்குப் பிறகு பார்த்தால் வறுமையில் பெரிய வித்தியாசம் இல்லையாம். அரசு ரோட்டுப் போட்டது, பள்ளிக்கூடம் கட்டியது, ஊர் எழும்பிவிட்டது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. எங்கள் ஊரும் எழும்பிக்கொண்டிருக்கிறது. ஏ9 வீதியில் போனால் வங்கிகளின் பெயர்ப் பலகைகளை எண்ணி மாளாது. அரசின் வீட்டு வருமான, செலவு அளவீட்டின்படி 2012/13இல் நாடு முழுவதற்கும் வறுமை 6.7 சதவீதம், முல்லைத்தீவில் 28.8. 2016இல் முல்லைத்தீவு 12.7க்கு இறங்கியது. கிளிநொச்சி 18.2, நாட்டிலேயே மேல். இறங்கியது நல்லது. ஆனால் மாவட்டம் பசியோடு படுப்பதில்லை. ஊர் எழும்பும்போது அதற்குள் யார் எழும்பினார்கள், யார் ஒன்றரைப் பவுணையும் காணியையும் விட்டுக் கீழே போனார்கள் என்பது சராசரிக்குள் தெரியாது. இன்னொன்று: போர் நடந்த ஆண்டுகளில் அந்த அளவீட்டுக்குள் எங்கள் மாவட்டங்கள் இல்லை. 25 மாவட்டத்தையும் சேர்த்து எடுத்தது 2012/13இல்தான். மூழ்கிக்கொண்டிருந்த காலத்தில் எங்கள் அடுப்புகளையும் யாரும் எண்ணவில்லை.

அந்த 2012/13 பட்டியலில் முல்லைத்தீவுக்கு அடுத்ததாக வறுமையில் நின்றது மொனராகலை. தெற்கே, சிங்களக் கிராமங்கள். படைக்குப் பிள்ளைகளைக் கொடுத்தவை அந்த மாதிரி வறண்ட கிராமங்கள்தான், கொழும்புப் பங்களாக்கள் இல்லை. அங்கே மகனை இழந்த தாயும் தன் வினை, “கருமே” என்றுதான் தலையில் கை வைத்திருப்பா. இரண்டு பக்கத்து ஏழைத் தாய்மாரும் ஒரே சொல்லால் தங்களையே குற்றம் சாட்டிக்கொண்டிருக்க, போரை வைத்துக் கட்டிடம் கட்டியவர்கள் எந்தப் பிறப்பைப் பற்றியும் யோசிப்பதாகத் தெரியவில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு வினையை நான் விட்டுவிட்டேனா என்றால், இல்லை. விடவிடாமல் தடுத்தது அந்த அம்மாதான். ஒருநாள் அவவிடம் சொன்னேன்: “பிள்ளை, இது உன்ரை வினை இல்லை. வட்டி. மனுசர் செய்யிறது.” ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அவ கொஞ்சம் யோசித்துவிட்டு, “வினை எண்டால் ஒருநாள் தீரும் ஐயா. லோன் எண்டால் எப்ப தீரும்?” என்றா. என்னால் பதில் சொல்ல முடியவில்லை. தன் துன்பத்துக்கு ஓர் எல்லை உண்டு என்று ஒருத்தி நம்புவதற்கு அந்தக் கொள்கை இடம் கொடுக்கிறது. அதைப் பிடுங்கிக்கொண்டு அவ கையில் நான் கொடுக்க வைத்திருந்தது ஆத்திரம் மட்டும். அதைக் கொண்டுபோய் எந்தக் கந்தோரில் கொடுப்பது? வினை என்று அவ தன்னைப் பற்றிச் சொன்னால் அது பொறுமை. அதே சொல்லை நான் அவவைப் பற்றிச் சொன்னால் அது தீர்ப்பு. பயன் சொல்கிறவனுக்கு அந்த உரிமை கிடையாது என்பதில் எனக்கு இப்போது சந்தேகம் இல்லை. எனக்கு மிச்சமிருப்பது ஆகாமியம் மட்டும்தான், இனிச் சேர்வது. அதில் கை வைக்கலாம்.

அதனால்தான் பரிபாலன சபையோடு சண்டை. கோயிலுக்கு ராஜகோபுரம் எழும்புகிறது. கனடாவிலும் சுவிஸிலும் இருக்கிற பிள்ளைகள் மனம் நிறைந்து அனுப்புகிற காசு, அதில் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அதில் ஒரு பங்கை எங்கள் சிக்கன கடனுதவு சங்கத்தில் வைப்பிலிட்டு, அந்த ஐந்து பெண்களின் கிழமைக் கடனை முடித்துவிட்டு, அவர்கள் சங்கத்துக்கு மெல்ல மெல்லக் கட்டட்டும் என்று சொன்னேன். தலைவருக்குக் கோபம் வந்தது. “கோயில் காசை வட்டிக்கு விடுறதோ?” தஞ்சாவூர்ப் பெரிய கோயில் ஊர்ச்சபைகளுக்குப் பொன் கடன் கொடுத்து எட்டில் ஒரு பங்கு, 12.5 சதவீதம் வட்டி வாங்கியது கல்வெட்டில் இருக்கிறது என்றேன். பெருவுடையார் செவ்வாய்க்கிழமை மோட்டார் சைக்கிளில் ஆள் அனுப்பவில்லை என்றும் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம், பொருளாளர் சிரித்துவிட்டார், தலைவர் சிரிக்கவில்லை.

கடைசியில், “பட்டியல் நீங்களே போட்டுத் தாங்கோ, ஜி.எஸ். ஐயா” என்று முடித்தார்கள். பட்டியல் போடுவது எனக்குப் பழக்கம். முதல் பெயராக எழுத அந்த அம்மாவிடம் போனேன். இனாம் என்றால் வேண்டாம் என்றுவிட்டா. மாதத்துக்கு என்றால் ஆயிரம் ரூபா கட்டலாமாம், கிழமைக்கு என்றால் ஏலாதாம், சித்திரையில் நெல் வெட்டும்வரை முதல் தவணையைக் கேட்கக் கூடாதாம். மூன்றையும் அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்கிக் கொடுத்திருக்கிறேன். இந்தியாவிலிருந்து ஸ்தபதி வந்து முதல் தளத்துக் கணக்கைச் சொல்லட்டும், பிறகு பார்ப்போம் என்கிறார் தலைவர்.